கோட்டைக்கு வந்த போன்

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளான எங்கள் லயத்துக்கு எதிரே, ஏரிக்கு நடுவில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். அதில் எந்த ராஜாவும் இருந்ததில்லை, சண்டையும் நடந்ததில்லை. தன் ஊரில் இருப்பதைப் போல இங்கேயும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஓடைக்கு மேலிருந்த சின்னக் குன்றின் உச்சியில் கருங்கல்லால் எழுப்பிய மாடி வீடு அது. அவர் ஊரில் அப்படிப்பட்ட வீடுகளைச் சுற்றி ஏரி இருக்குமாம். இங்கே அவருக்கு வாய்த்தது ஓடை மட்டும்தான். அவர் கப்பலேறிப் போய் வெகுகாலம் கழித்து அரசாங்கம் மின்சாரத்துக்காக அணை கட்டியது. பள்ளத்தாக்கு முழுகிப் போய், குன்று மட்டும் தீவாக நின்றது. துரை ஆசைப்பட்ட ஏரி ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அதைப் பார்க்கத் துரையும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை.

கோட்டையின் ஒரு மூலையில் உருண்டையாக ஒரு கோபுரம். உள்ளே பெரிய கூடம். கூடத்துச் சுவரில் குளிர் காய்வதற்கான அடுப்பு ஒன்று உண்டு. அதற்குள் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்கலாம், அவ்வளவு பெரிது. மாடிப்படி நன்றாகத்தான் இருந்தது. ஏறிப் போனால் மாடி இருக்காது, வானம் இருக்கும். சாப்பாட்டு அறைக்குள் காட்டுப்பூவரசு ஒன்று தானாக முளைத்து, தை மாசியில் தரையெல்லாம் சிவப்பாகக் கொட்டிவைக்கும்.

கோடையில் தண்ணீர் இறங்கினால் முழுகிக் கிடந்த பழைய வண்டிப்பாதையும் ஒரு கல்பாலமும் சேற்றோடு வெளியே வரும். அப்போது கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். துரை வீட்டுப் பீங்கான் தட்டுகளின் உடைசல் பாதை நெடுகக் கிடைக்கும். நீலப்பூ போட்ட துண்டுதான் உசத்தி என்று நாங்கள் அதற்கு அடித்துக்கொள்வோம். மேலே மலைச்சரிவில் படுகர் ஊரின் கேரட்டும் முட்டைக்கோசும், கீழே எங்கள் தேயிலை, கரையைச் சுற்றிக் கற்பூர மரமும் சீகை மரமும். பொழுது சாயும் நேரத்தில் காட்டெருமைகள் கூட்டமாக இறங்கிவந்து தண்ணீர் குடித்துவிட்டு, எங்களை மதிக்காமல் திரும்பிப் போகும். ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பாதை மறைந்துவிடும். பிறகு மீன் பிடிக்கிறவரின் பரிசல்தான் வழி.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அந்தக் கோட்டைக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்தது. லயத்தில் முதல் செல்போனை வாங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. திருப்பூர் பனியன் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர். ஒத்துக்கொள்ளாதது வெயில் இல்லை, வேலைதான் என்பது அப்பாவின் கட்சி. திரும்பி வந்த மாமாவிடம் போன் இருந்தது, எங்கள் பள்ளத்தில் டவர் இல்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக் காடு, கோவில், பஸ் நிற்கும் இடம் என்று நாள் கணக்கில் அலைந்தார். கடைசியில் கோட்டை மாடிப்படியில் நின்றபோது போன் கிணுகிணுத்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்த டவர், துரை வீட்டில் மட்டும் வந்து இறங்கியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? போன் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு இடம் சொந்தமானது. தேயிலை ஃபேக்டரி ஆபீசர் மாடிப்படியில் நின்று மேலிடத்துக்குப் பதில் சொல்லுவார். கல்யாணம் நிச்சயமான படுகர் வீட்டு அண்ணன் ஒருவர் கோபுரத்துக்குள் புகுந்தால் வெளியே வரவே மாட்டார். காய்கறி மண்டிக்குப் பேசுகிறவர்கள் முன்வாசலில் நின்று கத்துவார்கள். ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கமாகத்தான் போக முடிந்த வீடு. இப்போது அதன் நடுக்கூடத்தில் செருப்போடு நின்று எல்லோரும் ஹலோ ஹலோ என்று கூப்பாடு போட்டார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களில் இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று பிரித்தபோது, அம்மாவின் வீட்டில் எல்லோருக்கும் இந்தியா என்று வந்தது. அம்மாவின் ஒரே அக்காவுக்கு மட்டும் வரவில்லை. பெரியம்மாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புருஷன் வீட்டாருக்கு சிலோன் என்று ஆனதால் அவளும் அங்கேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. அங்கே அட்டன் ஸ்டேஷனில் பெரியம்மா ரயிலோடு கூடவே ஓடிவந்தாள் என்றும், பிளாட்பாரம் முடிந்த இடத்தில் நின்றுவிட்டாள் என்றும் அம்மா சொல்லுவாள். அன்றைக்கு அம்மாவுக்கு என் வயசு, மாமா கைக்குழந்தை.

கொஞ்ச காலம் கடிதம் வந்துகொண்டிருந்தது. அங்கே கலவரம் நடந்தபோது பெரியம்மா வீட்டார் தோட்டம் விட்டுத் தோட்டம் போனார்கள். இங்கே எங்கள் ஆட்களும் தோட்டம் மாறினார்கள். யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அம்மாவின் அம்மாவை நாங்கள் அம்மாயி என்போம். மூத்த மகள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல், நான் சொல்லும் இந்தச் சம்பவத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அம்மாயி போய்ச் சேர்ந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுச் சித்தப்பா சிலோனுக்குப் போய்வந்தார். சித்தப்பா என்பது முறைக்குத்தான், ரத்த சொந்தம் இல்லை. அவருடைய அண்ணன் மகளுக்கு அங்கே கல்யாணம். போன இடத்தில், பக்கத்துத் தோட்டத்தில் பெரியம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார். ஊர் திரும்பியதும் கையிலிருந்த பெட்டியைக்கூட இறக்காமல் எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

"அண்ணி, ஒங்க அக்காவப் பாத்தேன். நல்லது சொல்றதா கெட்டது சொல்றதான்னு தெரியல. அவங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு, இன்னும் முப்பதாம் நாளுகூடக் கும்பிடல. ஒங்க தம்பி போன் நம்பரக் குடுத்திருக்கேன். வர்ற ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு டவுனுக்கு வந்து, கொமினிகேசன்லேருந்து பேசுறேன்னுச்சு."

கொமினிகேசன் என்றால் அந்த ஊரில் போன் கடை. அம்மா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு, "மெலிஞ்சிட்டாளா, குண்டாயிட்டாளா? முடியெல்லாம் நரைச்சிருச்சா?" என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். சித்தப்பா பாதிக்கு மேல் பதில் சொல்லாமல், அசதியாக இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

அந்த வாரம் அம்மா சும்மா இருக்கும்போதெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் என்ன பேசுவது, எதை முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். மாமா வேறு அவளைப் பிடித்து உட்காரவைத்து, போனை எப்படிப் பிடிப்பது என்று பாடம் நடத்தினார். "காதுல அமுக்காதக்கா, அது ஒண்ணும் ஓடிப் போயிராது." எனக்கும் ஒரு வேலை இருந்தது. நான் பெரியம்மாவிடம், நல்லா இருக்கீங்களா பெரியம்மா, ஒருதடவை இங்க வாங்க, என்று சொல்ல வேண்டும். அதை நான் வகுப்பில் திருக்குறள் ஒப்பிப்பது மாதிரி சுவரைப் பார்த்து ஒப்பித்துத் தயாராக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து மழை. கோட்டைப் பாதை முழுகி வெகுநாளாகியிருந்தது, ஏரி நிறைந்து நின்றது. அப்பா வரவில்லை என்று சொல்லிவிட்டார். சிறு பிள்ளையில் மன்னார் கடலைத் தாண்டி வந்தபோது கப்பலில் வாந்தி எடுத்ததோடு அவருக்குத் தண்ணீரோடு உறவு முறிந்துவிட்டது. ஆனால் காலையில் அவர்தான் அடுப்புப் பற்றவைத்துக் கொடுத்தார். அம்மா தேங்காய் போட்டு ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டினாள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் அரக்கு நிறச் சேலையை உடுத்திக்கொண்டாள். "போன்ல சேலை தெரியுமா?" என்று நான் கேட்டதற்கு அப்பா என்னை முறைத்தார்.

பரிசல்காரர் பவானிசாகர் பக்கத்து ஆள். ஏலம் எடுத்தவருக்காக எங்கள் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்கக்கா, நடுவால உக்காருங்க. பாப்பாவ மடியில வெச்சுக்கங்க. அசையக்கூடாது" என்றார். மாமா போனுக்கு உடுப்பு போட்டிருந்தார். முதலில் ஒரு பால் கவர், அதன்மேல் இன்னொரு பால் கவர், ரப்பர் பேண்ட், அதன்மேல் கர்சீப், பிறகு ஸ்வெட்டருக்குள். மழையில் அவர் நனைந்தாலும் போன் நனையக்கூடாது. பரிசல் மெல்லச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. மூட்டத்தில் கரையும் தெரியவில்லை, கோட்டையும் தெரியவில்லை. காட்டுக்கோழி ஒன்று எங்கேயோ கூவிக்கொண்டிருந்தது. அம்மா இலைப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபுரம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்த நேரம், மாமாவின் நெஞ்சுக்குள்ளிருந்து போன் அடித்தது. தண்ணீர்மேலும் டவர் வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மாமா பரபரவென்று ஸ்வெட்டருக்குள் கைவிட்டார். கர்சீப்பை அவிழ்த்தார், ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்தார், ஒரு கவரைக் கிழித்தார். பரிசல் ஆடியது. "ஏனுங்க, மெதுவா, மெதுவா!" என்று பரிசல்காரர் சத்தம் போட்டார். இரண்டாவது கவரைப் பிரிக்கும்போது போன் நின்றுவிட்டது.

"யாருடா?" என்றாள் அம்மா.

"தெரியலக்கா. ஏதோ நீள நம்பரா இருக்கு. பாட்டு வேணுமான்னு கேக்குற கம்பெனிக்காரனுங்களா இருக்கும். மணி ஒம்போதரதானே ஆகுது."

அம்மா சமாதானமானாள். மாமா பழையபடி போனைப் பொதிந்து உள்ளே வைத்துக்கொண்டார்.

கோட்டைக்குப் போனதும் அம்மா நல்ல இடமாகத் தேடினாள். கூடத்து அடுப்புக்குள் மட்டும் நனையாமல் இருந்தது. அங்கே கிடந்த சருகுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். மாமா போனை விரித்த கர்சீப்பில் அவள் முன்னே வைத்தார். டவர் நன்றாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணி ஆயிற்று. பத்தைத் தாண்டியும் ஆயிற்று. போன் அடிக்கவில்லை.

"பஸ் லேட்டாருக்கும்" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, "கடை திறந்திருக்க மாட்டான்" என்றார். படுகர் வீட்டு அண்ணன் குடையோடு வந்து, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கோபுரத்துக்குள் போனார். முன்வாசலில் ஒருவர் கேரட் விலை பேசினார். அவர்களுக்கெல்லாம் போன் அடித்தது. எங்கள் போன் அடிக்கவில்லை. எனக்குப் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து ரொட்டி தின்றேன்.

உச்சிப்பொழுது நெருங்கியபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அவ எப்பவுமே இப்புடித்தான். நிக்கச் சொன்னா நிப்பா, வான்னா வரமாட்டா" என்றாள். அப்புறம் கோபம் போய், பெரியம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அம்மாயி கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவாளாம். பெரியம்மாதான் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டி இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாளாம். "நடக்க ஆரம்பிச்ச பொறகும் எறக்கிவிட மாட்டா. கூட வெளையாட வந்தவளுக எல்லாம் சிரிப்பாளுக" என்று சொல்லி அம்மா சிரித்தாள். அந்தக் குரலை ஒரே ஒருதரம் கேட்டால் போதும் என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு அக்கா இல்லை.

பரிசல்காரர் அடுத்த நடையில் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவைக் கொண்டுவந்து இறக்கினார். சித்தப்பா நனைந்துபோய் உள்ளே வந்து, எங்கள் முகங்களைப் பார்த்து, "பேசலையா?" என்று கேட்டார்.

"பத்து மணிக்குன்னீங்க. இன்னும் வரல" என்றாள் அம்மா.

சித்தப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார். சிலோனில் கடிகாரத்தை நம்மைவிட அரைமணி முன்னால் தள்ளிவைத்திருந்த காலம் அது. அங்கே பத்து மணி என்றால் இங்கே ஒன்பதரை.

"திருச்சியில எறங்குனதும் வாட்ச்சத் திருப்பி வெச்சேன் அண்ணி. சொல்லிவிட்ட மணியத் திருப்பணும்னு தோணலியே எனக்கு!"

மாமா போனை எடுத்து அந்த நீள நம்பரைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. அம்மாவும் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் பார்த்தாள். "அக்காவா அது?" என்று மெதுவாகக் கேட்டாள். மாமா அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டார். வெளிநாட்டுக்குப் பேசும் வசதி இந்தப் போனில் இல்லை என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. இன்னொரு தரம் போட்டார். அந்தக் குரல் அலுத்துக்கொள்ளாமல் அதையே சொன்னது.

"மத்தியான பஸ்ஸவிட்டா சாயங்காலந்தான் அவங்களுக்கு. கெளம்பிருப்பாங்க" என்றார் சித்தப்பா.

"போயிருக்க மாட்டா" என்றாள் அம்மா.

சித்தப்பா நின்றுகொண்டே இருந்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அப்புறம், "இன்னொண்ணு இருக்கு அண்ணி. ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல" என்று ஆரம்பித்தார். "என்னையக் கண்டதும் ஒங்க அக்கா மொதல்ல கேட்டது, எங்கம்மா நல்லா இருக்காங்களான்னுதான். எழவு வீடு. அந்தப் பொண்ணு தாலி கழட்டி ஒக்காந்திருக்கு. அங்க வெச்சு நான் எப்புடிச் சொல்லுவேன்? நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டேன். அவங்க போன் போடுறதே அம்மாகிட்டப் பேசத்தான்."

அடுப்புக்குள் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வெளியே வந்தாள். அவர்மேல் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. மழை விழுந்துகொண்டிருந்த கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். "நான் சொல்லிக்கிறேன். நான் சொன்னா தாங்கிக்கிருவா" என்றாள்.

காற்று கிளம்பியது. ஏரியில் அலை எழும்பிக் கோட்டைப் படிக்கட்டில் மோதும் சத்தம் கேட்டது. பரிசல்காரர் வாசலில் வந்து நின்று, "போலாமுங்களா? இனி நின்னா தாண்ட முடியாதுங்க" என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் அம்மா. அவர் போய்விட்டு மறுபடி வந்தார். அம்மா மறுபடி அதையே சொன்னாள். மூன்றாம் தரம் அவர் வந்து வாயைத் திறக்குமுன் போன் அடித்தது.

மாமா பொத்தானை அமுக்கி அம்மாவின் கையில் கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்து, இரண்டு கையாலும் போனைக் காதில் அழுத்திக்கொண்டாள் அம்மா. நான் அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டேன். கடல் தாண்டிப் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, பெரியம்மா பேசியதெல்லாம் எனக்கும் கேட்டது.

"ஹலோ" என்றாள் அம்மா.

"அம்மா! அம்மாவா? அம்மா, நான்தாம்மா!"

அம்மாயி போன பிறகு அம்மாவின் குரல் அவளுடையது போலவே ஆகிவிட்டது என்று லயத்தில் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது, எனக்கு அது அம்மா குரல். அம்மா வாயைத் திறந்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா, சொல்லிவிடு என்பது போலக் கையைக் காட்டினார்.

"அவரு போயிட்டாரும்மா. என்னைய விட்டுட்டுப் போயிட்டாரு. ஒன் மடியில படுத்து ஒருதரம் அழணும்போல இருக்கும்மா. ஒன் குரலக் கேட்டா போதும்னு வந்தேன். பேசும்மா!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழாதடி" என்றாள். "கேள்விப்பட்டேன் மகளே. என்ன செய்ய. ஒம் புள்ளைகளப் பாரு. சாப்புடாமக் கெடக்காத."

மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. சித்தப்பா சுவரோடு திரும்பி நின்றுகொண்டார்.

"குரல் அப்புடியே இருக்கும்மா ஒனக்கு. ஒடம்பு எப்புடி இருக்கு?"

"எனக்கென்ன, முட்டிவலிதான். குளுருல இன்னும் கொஞ்சம் கூடவா இருக்கு."

அம்மாவுக்கு முட்டிவலி கிடையாது. கூடை நிறையக் கொழுந்தோடு சரிவில் ஓடுகிறவள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தம்பி?"

"இருக்கான். நல்லா வளந்துட்டான். இந்தப் போனே அவனோடதுதான்."

"தங்கச்சி எங்கம்மா? பக்கத்துல இருக்காளா? அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும், குடும்மா."

அம்மா கண்ணைத் திறந்தாள். கூரையில்லாத கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், யாரையோ தேடுகிற மாதிரி.

"அவ வேலைக்குப் போயிருக்காடி" என்றாள். "ஞாயித்துக்கெழமன்னுகூடப் பாக்காம இழுத்துட்டுப் போயிட்டானுக."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. ஒரு பொட்டப்புள்ள இருக்கு அவளுக்கு."

"என்னைய நெனைக்கிறாளாம்மா? சின்னப்புள்ளையில பிரிஞ்சது. மறந்திருப்பா."

"மறப்பாளா?" என்றாள் அம்மா. "தெனமும் ஒன் பேச்சுதாண்டி அவளுக்கு. எங்கக்கா, எங்கக்கான்னு. கேட்டுக் கேட்டு எங்க காது புளிச்சுப்போச்சு."

அந்தப் பக்கம் பெரியம்மா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் போல இருந்தது. "சொல்லும்மா அவகிட்ட, நான்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கும்போது போன் அறுந்துவிட்டது. அம்மா வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மாமா வந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்குப் போனே தரவில்லை, ஒப்பித்ததெல்லாம் வீண். அதைவிட, அம்மா பொய் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்னப் பொய்க்குக்கூட எனக்கு முதுகில் விழும். பரிசலில் ஏறியதும் கேட்டேன்.

"பெரியம்மா ஒன்னையக் கேட்டாங்கள்ல?"

"கேட்டா."

"நீ வேலைக்குப் போயிருக்கேன்னு சொன்ன. நீ இங்கதான இருந்த?"

"சும்மா வா பாப்பா" என்றார் மாமா. அவர் அப்படி அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. பரிசல்காரர் துடுப்புப் போட்டார். அம்மா அரக்குச் சேலையின் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஏரித் தண்ணீரில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. ஆகவே அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

கரையில் குடையும் சாக்குமாக லயத்துப் பெண்கள் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் அப்பாவும் இருந்தார். அவர்களில் பலருக்கும் அங்கே யாராவது இருந்தார்கள். "பேசிட்டியா? குரலு எப்புடி இருந்துச்சு?" என்று ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்புடியேதான் இருந்துச்சு" என்றாள் அம்மா. அவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அவளுடைய பிள்ளைகள் சித்தப்பாவின் அண்ணன் மூலம் தகவல் சொல்லிவிட்டபோது நாங்கள் கேரட் அறுப்புக்குப் போயிருந்தோம். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பரிசலிலிருந்து குதித்து, எல்லோருக்கும் முன்னால் லயத்துக்கு ஓடினேன். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "எங்கம்மா பெரியம்மாகூடப் பேசிருச்சு! எங்கம்மா பெரியம்மாகூடப் பேசிருச்சு!" என்று கத்தினேன். அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.